பாதி ஓட்டு, மூன்று சீட்: வட கரோலினாவின் தொகுதிக் கோடுகள்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்று ஓர் ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் நடுவே லாரல் தெரு போகிறது. பார்க்க ஒன்றுமில்லாத சாதாரணத் தெரு. 2016 தேர்தலிலும் 2018 தேர்தலிலும் அந்தத் தெருவுக்கு ஒரு பக்கத்து விடுதியில் இருந்த மாணவர் 6ஆம் தொகுதி வாக்காளர். எதிர்ப்பக்கத்து விடுதியில் இருந்தவர் 13ஆம் தொகுதி வாக்காளர். வகுப்பும் நூலகமும் சாப்பாட்டுக் கூடமும் இருவருக்கும் ஒன்றுதான். நாடாளுமன்றத்தில் அவர்களுக்காகப் பேச வேண்டிய ஆள் மட்டும் வேறு. அடுத்த வருஷம் தெருவைத் தாண்டி வேறு விடுதிக்கு மாறினால் உறுப்பினரும் மாறிவிடுவார்.

அது சாதாரணப் பல்கலைக்கழகமும் இல்லை. வட கரோலினா ஏ அண்ட் டி மாநிலப் பல்கலைக்கழகம், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்வி நிலையங்களில் நாட்டிலேயே பெரியது. 1960 பிப்ரவரி 1 அன்று ஊல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவு மேசையில் போய் உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்த 4 மாணவர்கள் இந்த வளாகத்துப் பிள்ளைகள். ஆயிரக்கணக்கான மாணவர் ஓட்டு, ஏறக்குறைய எல்லாமே ஜனநாயகக் கட்சிப் பக்கம் சாயும் ஓட்டு, ஒரே இடத்தில் இருந்தது. தெருவில் கோடு விழுந்ததும் அது இரண்டு பாதியானது. இரண்டு தொகுதியிலும் குடியரசுக் கட்சியே ஜெயித்தது.

இந்தக் கோட்டை யார் போட்டார்கள், எதற்குப் போட்டார்கள், யாராவது தடுத்தார்களா என்று பார்த்தால் ஒரு மாநிலத்தின் முப்பது வருஷக் கதை வந்துவிடுகிறது.

முதலில் ஒரு விளக்கம்.  அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையான பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். பத்து வருஷத்துக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். வட கரோலினாவுக்கு 1990 கணக்கெடுப்புக்குப் பிறகு 12, 2000க்குப் பிறகு 13, 2020க்குப் பிறகு 14. ஒரு மாநிலத்துக்குள் எல்லாத் தொகுதிக்கும் ஏறக்குறைய ஒரே மக்கள்தொகை இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1964இல் சொல்லிவிட்டது. இன்றைய கணக்கில் வட கரோலினாவின் ஒரு தொகுதிக்கு சுமார் 7,45,000 பேர். தலை எண்ணிக்கை சரியாக வர வேண்டும், சரி. ஆனால் எந்தத் தலையை எந்தத் தொகுதியில் சேர்ப்பது? அதை முடிவு செய்வது மாநிலச் சட்டமன்றம். நம்மூரில் இந்த வேலை ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையிலான ஆணையத்திடம் இருக்கிறது. அங்கே, அடுத்த தேர்தலில் யார் ஜெயித்தால் தனக்கு லாபம் என்று தெரிந்தவர்களே பென்சிலைப் பிடிக்கிறார்கள். இன்னொன்று, வட கரோலினாவில் ஆளுநருக்கு வீட்டோ அதிகாரம் 1996இல்தான் கிடைத்தது, எல்லா மாநிலங்களுக்கும் கடைசியாக. அப்போதும் தொகுதி வரைபடத்தில் மட்டும் அவர் கை வைக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஆக, சட்டமன்றப் பெரும்பான்மை யாரிடமோ வரைபடம் அவரிடம்.

பாம்பு போன்ற தொகுதி

1898இல் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் என்ற கறுப்பினத்தவர் வட கரோலினாவின் 2ஆம் தொகுதியில் இரண்டாம் முறை ஜெயித்தார். அதே வருஷம் வில்மிங்டன் நகரில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம், தேர்ந்தெடுக்கப்பட்ட நகர நிர்வாகத்தை விரட்டிவிட்டு அதிகாரத்தைப் பிடித்தது. 1900இல் எழுதப் படிக்கத் தெரிந்தால்தான் ஓட்டு என்று மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஒயிட் 1901இல் சபையில் விடைபெறும் உரை நிகழ்த்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வட கரோலினாவிலிருந்து ஒரு கறுப்பின உறுப்பினர் தேர்வாக 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாநில மக்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பினத்தவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

1991இல் வரைபடம் வரைந்தவர்கள் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கறுப்பினப் பெரும்பான்மையுள்ள ஒரே ஒரு தொகுதியைத்தான் வைத்தார்கள். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைக் காக்க வந்த வாக்குரிமைச் சட்டப்படி அப்போது மத்திய நீதித்துறையின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அது இன்னொன்றும் வைக்கலாமே என்று திருப்பி அனுப்பியது. மாநிலத்தின் தெற்கு, தென்கிழக்குப் பக்கம் அதற்கு இடம் இருந்தது. அங்கே வைத்தால் தங்கள் கட்சியின் நடப்பு உறுப்பினர்களுக்கு ஆபத்து என்பதால் வேறு வழி கண்டுபிடித்தார்கள்: 85ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டே, டர்ஹமிலிருந்து சார்லட் வரை சுமார் 160 மைல் நீளத்துக்கு ஒரு தொகுதி. அதுதான் புகழ்பெற்ற 12ஆம் தொகுதி.

பல இடங்களில் அதன் அகலம் நெடுஞ்சாலையின் அகலம்தான். காரின் இரண்டு கதவையும் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டினால் தொகுதியில் பாதிப் பேருக்கு மேல் அடிபட்டுச் செத்துப்போவார்கள் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கிண்டலடித்தார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே அந்தக் கிண்டல் ஏறிவிட்டது. தீர்ப்பில் இன்னொரு விவரமும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். ஒரு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வடக்கே போகிற வண்டிகள் ஒரு தொகுதியிலும் தெற்கே போகிற வண்டிகள் வேறு தொகுதியிலும் இருக்கும். அடுத்த கவுண்டிக்குள் நுழைந்ததும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.

இந்த வரைபடத்தில்தான் 1992இல் 1ஆம் தொகுதியில் ஈவா கிளேட்டனும் 12ஆம் தொகுதியில் மெல் வாட்டும் ஜெயித்தார்கள். 90 வருஷத்துக்குப் பிறகு இரண்டு கறுப்பின உறுப்பினர்கள். உடனே வழக்கும் வந்தது. 1993இல் ஷா – ரீனோ வழக்கில் 5–4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம், இன அடிப்படையைத் தவிர வேறு எதைச் சொல்லியும் விளக்க முடியாத அளவுக்கு விசித்திரமான தொகுதி என்றால் அதைக் கடுமையாக ஆராய வேண்டும் என்றது. தீர்ப்பை எழுதிய சாண்ட்ரா டே ஓகானர், தொகுதிப் பிரிப்பில் தோற்றமும் முக்கியம் என்றார். இதே 12ஆம் தொகுதி 1996, 1999, 2001 என்று திரும்பத் திரும்ப உச்ச நீதிமன்றப் படியேறியது. கடைசியாக 2001இல், இது இனத்தைப் பார்த்து வரைந்ததென்று நிரூபிக்கவில்லை, கட்சியைப் பார்த்தும் வரைந்திருக்கலாம் என்று சொல்லி, திருத்திய வடிவத்தை விட்டுவிட்டது.

இங்கேதான் முடிச்சு விழுந்தது. இனத்தைப் பார்த்துக் கோடு போட்டால் தப்பு; கட்சியைப் பார்த்துப் போட்டால் பரவாயில்லை. ஆனால் வட கரோலினாவில் கறுப்பின வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சிக்குத்தான் போடுகிறார்கள். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று தானாகத் தொடப்படும். இந்தச் சந்து யாருக்கெல்லாம் பயன்படப்போகிறது என்பது அப்போது தெரியவில்லை.

2011: நான்கு பேர், நான்கு எண்கள்

2008இல் ஒபாமா சுமார் 14,000 ஓட்டில் ஜெயித்த மாநிலம் இது. அன்று 13 இடங்களில் 8 ஜனநாயகக் கட்சியிடம், 2010இலும் 7. ஆனால் அதே 2010 தேர்தலில் மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சி வசம் போயின. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடக்காத விஷயம். கணக்கெடுப்பு வருஷத்துத் தேர்தல் என்பதால் அதன் விலை அதிகம் என்று அக்கட்சி முன்கூட்டியே தெரிந்து பணம் இறக்கியிருந்தது. 2011 வரைபடத்தை வரைந்தவர் தாமஸ் ஹாஃபெலர். தொழிலே இதுதான் அவருக்கு. கணினியில் தெருத் தெருவாகத் தேர்தல் முடிவுகளை ஏற்றிவைத்துக் கோடு போடுவதில் கைதேர்ந்தவர்.

2012 முடிவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மாநிலம் முழுக்க ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் வாங்கிய ஓட்டு 50 சதவீதத்துக்குச் சற்று மேல். குடியரசுக் கட்சி 49க்குச் சற்றுக் கீழ். இடங்கள்? குடியரசுக் கட்சிக்கு 9, அதிக ஓட்டு வாங்கியவர்களுக்கு 4.

அந்த 4 பேர் வாங்கிய எண்களில் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. டேவிட் பிரைஸ் 74 சதவீதம். ஜி.கே. பட்டர்ஃபீல்ட் 75. மெல் வாட் ஏறக்குறைய 80. நான்காமவர் மைக் மெக்கின்டயர், வெறும் 654 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார். ஜெயிக்க 51 போதும் என்கிற இடத்தில் 80 வாங்கினால் மிச்சமெல்லாம் வீண். ஒரு கட்சி ஆதரவாளர்களை அள்ளிக் கொண்டுவந்து மூன்று தொகுதியில் அடைத்துவிட்டு, மிஞ்சியவர்களை மற்ற பத்துத் தொகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிவிட்டார்கள். மலைப்பக்கத்து ஆஷ்வில் நகரத்தை வெட்டி அதன் பெரும்பகுதியைப் பக்கத்துத் தொகுதிக்குத் தள்ளியதும் இதே கைவேலைதான். அந்த 11ஆம் தொகுதியில் 2012இல் மார்க் மெடோஸ் ஜெயித்தார். பின்னால் டிரம்ப்பின் தலைமை அதிகாரியாக வெள்ளை மாளிகைக்குப் போனவர். 2014இல் மெக்கின்டயர் போட்டியிடவில்லை. கணக்கு 10–3 ஆனது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜனநாயகக் கட்சி வாக்காளர்கள் ராலே, டர்ஹம், சார்லட் போன்ற நகரங்களில் தாங்களாகவே குவிந்திருக்கிறார்கள். யாரும் சதி செய்யாவிட்டாலும் அவர்களுக்கு ஓட்டு விகிதத்துக்கேற்ற இடம் கிடைக்கும் என்று உறுதி இல்லை. அந்த வாதத்துக்குக் கணக்கிலேயே ஒரு பதில் பிறகு வந்தது.

வாயாலேயே சொன்னது

2016 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றம் ஒன்று 1ஆம், 12ஆம் தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று தள்ளுபடி செய்தது. வாக்குரிமைச் சட்டத்துக்காகத்தான் கறுப்பினத்தவரை இத்தனை பேர் சேர்த்தோம் என்று சட்டமன்றத் தரப்பு சொன்னதை அது ஏற்கவில்லை. (அடுத்த வருஷம் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.) புதுசாக வரைய இரண்டு வாரம் அவகாசம். மறுபடியும் ஹாஃபெலரே வந்தார்.

இந்த முறை சட்டமன்றத்தின் தொகுதிப் பிரிப்புக் குழுத் தலைவர்களில் ஒருவரான குடியரசுக் கட்சியின் டேவிட் லூயிஸ் கூட்டத்தில் எழுந்து, இன விவரத்தையே பார்க்கப்போவதில்லை என்றார். குடியரசுக் கட்சிக்கு 10, ஜனநாயகக் கட்சிக்கு 3 என்று வருகிற மாதிரி வரையலாம் என்றார். ஏன் 10–3? 11–2 வருகிற மாதிரி ஒரு வரைபடம் வரைய முடியும் என்று தனக்குத் தோன்றவில்லை, அதனால்தான் என்றார். ஒளித்து மறைத்து ஒன்றுமில்லை, எல்லாம் பதிவில் இருக்கிறது. இனம் என்றால் வழக்கு நிற்கும், கட்சி என்றால் நிற்காது என்கிற அந்தச் சந்தில் வண்டியை நேராக ஓட்டினார் மனிதர்.

வேடிக்கை என்னவென்றால் 2016 வரைபடம் பார்க்க லட்சணமாக இருந்தது. பாம்பு இல்லை, வால் இல்லை. 12ஆம் தொகுதி சார்லட் நகரைச் சுற்றி ஒரே கவுண்டிக்குள் அடங்கிவிட்டது. கிரீன்ஸ்பரோவில் குடியிருந்த அதன் உறுப்பினர் ஆல்மா ஆடம்ஸ் தொகுதியைத் துரத்திக்கொண்டு சார்லட்டுக்கு வீடு மாற்றிப் போனார். 1992இன் கோணல் வரைபடம் 90 வருஷமாக இல்லாத பிரதிநிதிகளைக் கொண்டுவந்தது. 2016இன் அழகான வரைபடம் பாதி மாநிலத்தின் ஓட்டை மூன்று இடத்துக்குள் அடைத்தது. கோணல்மாணலாக இருந்தால் மோசடி, நேராக இருந்தால் நியாயம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லாரல் தெருவில் விழுந்த கோடும் இந்த இரண்டாவது படத்தில்தான் இருக்கிறது.

முடிவு 2016இல் சொன்னபடி 10–3. வழக்கும் வந்தது. ஒரு நிபுணர், சட்டமன்றம் தானே வைத்துக்கொண்ட விதிகளில் கட்சி லாபம் என்ற ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு, கணினியில் 3,000 வரைபடங்களை உருவாக்கினார். ஹாஃபெலர் பயன்படுத்திய அதே தேர்தல் தரவை அவற்றில் போட்டுப் பார்த்தார். 3,000இல் ஒன்றுகூட 10–3 தரவில்லை. எல்லாவற்றிலும் ஜனநாயகக் கட்சிக்குக் குறைந்தது ஓர் இடமாவது கூடுதலாக வந்தது. 77 சதவீதத்தில் மூன்று அல்லது நான்கு இடம் கூடுதல். இன்னொருவர் வேறு விதிகளோடு 24,518 வரைபடங்கள் உருவாக்கினார். அவற்றிலும் 99 சதவீதத்துக்கு மேல் இதே கதை. நகரத்தில் குவிந்திருப்பதுதான் காரணம் என்றால் இத்தனை ஆயிரம் வரைபடங்களிலும் அது தெரிந்திருக்க வேண்டுமே. அவர்களும் அதே நகரங்களைத்தான் வைத்து வரைந்தார்கள்.

2019 ஜூன் 27 அன்று ருச்சோ – காமன் காஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5–4இல் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், இப்படி வரைவது ஜனநாயகக் கொள்கைகளோடு பொருந்தாதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் எந்த அளவு மிஞ்சினால் குற்றம் என்று அளக்க மத்திய நீதிமன்றங்களிடம் அளவுகோல் இல்லை, இது அரசியல் விஷயம், மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று கதவைச் சாத்தினார். எலினா கேகன் எழுதிய எதிர்ப்புத் தீர்ப்பில்தான் மேலே சொன்ன வரைபடக் கணக்குகள் வருகின்றன. படிக்கையில் எனக்கு கேகன் பக்கமே நியாயம் தெரிகிறது. 24,518இல் ஒரு மூலையில் கிடக்கிற படத்தைத் தேடிப் பிடித்துத் தேர்ந்தெடுத்ததை அளக்க முடியாது என்று சொல்வதை ஏற்க முடியவில்லை.

நீதிபதிகள் மாறினால்

மாநிலங்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்களே, மாநில நீதிமன்றம் பார்த்தது. 2019 இலையுதிர் காலத்தில் மூன்று நீதிபதிகள் கொண்ட மாநில அமர்வு ஒன்று பழைய வரைபடத்தை நிறுத்தியது. சட்டமன்றம் புதிதாக வரைந்தது. லாரல் தெருவின் இரண்டு பக்கமும் மறுபடி ஒன்றுசேர்ந்து 6ஆம் தொகுதிக்குள் வந்தன. 2020இல் அங்கே கேத்தி மேனிங் ஜெயித்தார். மாநிலக் கணக்கு 8–5.

அப்புறம் 14 இடங்களுக்கான புது வரைபடம். 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் 4–3இல் அதைத் தள்ளியது. நீதிமன்றம் அமர்த்திய ஆட்கள் வரைந்த படத்தில் அந்த வருஷத் தேர்தல் நடந்தது. 7–7. ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஓட்டு, பாதிக்குப் பாதி இடம்.

அதே நவம்பரில் இன்னொரு தேர்தலும் நடந்தது. வட கரோலினாவில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஓட்டுச்சீட்டில் கட்சிப் பெயரோடு. 4–3 என்று ஜனநாயகக் கட்சிப் பக்கம் இருந்த நீதிமன்றம் 5–2 என்று குடியரசுக் கட்சிப் பக்கம் திரும்பியது. புதிய நீதிபதிகள் வழக்கை மறுபடி விசாரணைக்கு எடுத்து, 2023 ஏப்ரல் 28 அன்று, கட்சிச் சார்பான தொகுதிப் பிரிப்பைத் தடுக்க மாநில அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். சட்டத்தில் ஒரு வரி மாறவில்லை, உட்கார்ந்திருந்தவர்கள் மாறியிருந்தார்கள். மாநில நீதிமன்றத்துக்குச் சட்டமன்ற வரைபடத்தைத் தொடவே அதிகாரமில்லை என்று சட்டமன்றத் தரப்பு போட்ட மூர் – ஹார்ப்பர் வழக்கை அதே ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6–3இல் நிராகரித்தது. அதற்குள் வட கரோலினாவில் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த நினைக்கும் நீதிமன்றம் இல்லாமல் போய்விட்டது.

2023 அக்டோபரில் புது வரைபடம். கிரீன்ஸ்பரோ இருக்கும் கில்ஃபர்ட் கவுண்டியை மூன்று தொகுதிக்குப் பங்கு போட்டார்கள். ராலே இருக்கும் வேக் கவுண்டியும் மூன்று துண்டு. கேரி, மோரிஸ்வில் பக்கம் மென்பொருள் வேலைக்குப் போய்க் குடியேறிய நம்மவர்கள் பலர் இருப்பது அந்த வேக் கவுண்டிப் பகுதியில்தான். மேனிங், ஜெஃப் ஜாக்சன், வைலி நிக்கல் என்று மூன்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் தங்கள் இடங்களில் நின்று பயனில்லை என்று விலகிக்கொண்டார்கள். 6ஆம் தொகுதியில் அக்கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை. 2024 முடிவு 10–4. அதே நாளில் அதே வாக்காளர்கள், டிரம்ப்புக்குச் சுமார் 51 சதவீதம் கொடுத்துவிட்டு, ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஸ்டைனைச் சுமார் 55 சதவீதத்தில் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலம் முழுக்க ஒரே தொகுதியாக எண்ணினால் ஒரு முடிவு, கோடு போட்டு எண்ணினால் வேறு முடிவு.

ஜெயித்துப் போனவர்களில் இரண்டு பெயர்களைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. ஜாக்சன் காலி செய்த 14ஆம் தொகுதியில் ஜெயித்தவர் டிம் மூர். மாநிலச் சட்டமன்றக் கீழவையின் சபாநாயகர், மூர் – ஹார்ப்பர் வழக்கின் அந்த மூர்தான். 8ஆம் தொகுதியில் ஜெயித்தவர் மார்க் ஹாரிஸ். 2018இல் இவர் 9ஆம் தொகுதியில் 905 ஓட்டு முன்னிலையில் இருந்தார். இவர் தரப்பில் வேலைக்கு அமர்த்திய ஆள் பிளேடன் கவுண்டியில் தபால் ஓட்டுகளைச் சட்டவிரோதமாகச் சேகரித்தது தெரியவந்ததால், தேர்தல் வாரியம் முடிவை ஏற்காமல் மறுதேர்தல் நடத்தியது. ஹாரிஸ் மீது குற்றச்சாட்டு எதுவும் பதிவாகவில்லை.

மிச்சமிருந்தது 1ஆம் தொகுதி. மாநிலத்தின் வடகிழக்கு மூலை, ஜார்ஜ் ஒயிட் காலத்திலிருந்தே கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பக்கம். 1992 முதல் ஈவா கிளேட்டன், ஃபிராங்க் பேலன்ஸ், பட்டர்ஃபீல்ட், டான் டேவிஸ் என்று தொடர்ந்து கறுப்பின உறுப்பினர்களே அங்கிருந்து போனார்கள். 2024இல் டேவிஸ் 2 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். 2025இல் டிரம்ப் தூண்டுதலில் டெக்சாஸ் பாதிப் பத்தாண்டிலேயே வரைபடத்தை மாற்றியதும், வட கரோலினாவும் அக்டோபரில் மறுபடி பென்சிலை எடுத்தது. குறி 11–3. 11 முடியாது என்றுதானே 2016இல் லூயிஸ் 10உடன் நிறுத்தினார். இப்போது இடங்கள் 14. கடற்கரைப் பக்கத்துக் கவுண்டிகள் 1ஆம் தொகுதிக்குள் வந்தன. உள்நாட்டுக் கவுண்டிகள் சில 3ஆம் தொகுதிக்குப் போயின. ஆளுநர் ஸ்டைன் கண்டனம் தெரிவித்தார். வீட்டோ இல்லாததால் அதற்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 3ஆம் தொகுதிக்குப் போன கவுண்டிகளில் ஒன்று கிரீன். டான் டேவிஸின் சொந்த ஊரான ஸ்னோ ஹில் அங்கேதான் இருக்கிறது.